வரப்புப் புல்லின் மேல் பழி போடலாமா?



வழக்கமாக ஐந்தாறு கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுவேன். இந்த முறை ஒரே கடிதத்துக்குத்தான் பெரும் பகுதியும் போகப் போகிறது. கடிதத்துடன் ஒரு சின்னப் புட்டியும் வந்ததுதான் காரணம். அதற்குள் பூச்சிகள். பூச்சி கெட்டுப்போகக் கூடாது என்று சானிடைசர் திரவத்தில் போட்டு, மூடியை டேப் ஒட்டி அனுப்பியிருந்தார் திருவாரூர் மாவட்டத்துச் சகோதரி ஒருவர். முப்பது ஆண்டுகளாக எனக்கு வாடிய இலையையும் மங்கலான செல்போன் படத்தையும்தான் அனுப்புகிறார்கள். இப்படிப் பக்குவமாகப் பூச்சியையே அனுப்பியவர்கள் குறைவு.

கடிதத்தின் சாரம் இது. மூன்று ஏக்கர் குத்தகை நிலம். தாளடியில் பி.பி.டி. 5204 நட்டு 75 நாள் ஆகிறது. கதிர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. வயலின் நடுவில் இரண்டு இடங்களில் வட்டமாகப் பயிர் பழுத்துக் காய்கிறது. முதலில் இலைச்சுருட்டுப் புழு என்று நினைத்து, கடையில் கொடுத்த சைபர்மெத்ரின் கலந்த மருந்தை அடித்திருக்கிறார். பத்து நாள் கழித்து அதையே இன்னொரு முறை. வட்டம் பெரிதானது. பக்கத்து வயல்காரர் வந்து பார்த்து, "இது புகையான். வரப்புப் புல்லில் குடியிருந்து வயலுக்கு வருகிறது. வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடு" என்று சொல்லியிருக்கிறார்.

"அந்தப் புல்லை நம்பித்தான் ஆறு ஆடு வளர்க்கிறேன். புல்லைக் கருக்கினால் ஆட்டை விற்க வேண்டும். கருக்காவிட்டால் நெல் போய்விடும் என்கிறார்கள். எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

அவசரம் என்பதால் அவருக்குத் தொலைபேசியில் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். ஆட்டையும் விற்க வேண்டாம், புல்லையும் கருக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்கள் எல்லோருக்கும் விளக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் டெல்டாவில் இதே பேச்சைத்தான் எந்தக் கிராமத்திலும் கேட்கிறேன்.

முதலில் புட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். வெள்ளைத் தட்டில் கொட்டி, நகைக் கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் போன்ற ஒன்றை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் 'புகையான்' என்றே எழுதி அனுப்பியிருந்தார். ஆனால் உள்ளே நான்கு வகைப் பூச்சிகள் இருந்தன. அதில் ஒன்று நம்முடைய ஆள்.

புகையான் என்று நாம் சொல்வது பழுப்பு தத்துப்பூச்சி. அரிசி மணியைவிடச் சின்னது. நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம். மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை நிறம் இருக்கும். குஞ்சு பொரிந்தவுடன் வெள்ளையாக இருக்கும், வளர வளரப் பழுப்பாகும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் வயலில் பழுப்பாக இருக்கிற பூச்சிகள் ஏராளம். நிச்சயமான அடையாளம் பின்னங்காலில் இருக்கிறது. காலின் நீண்ட கணு முடிகிற இடத்தில், சேவலின் குதிமுள்ளைப் போலத் தட்டையான, அசையக்கூடிய ஒரு முள் நிற்கும். நெல்லில் வருகிற பழுப்பு, வெண்முதுகு தத்துப்பூச்சிகள் சேர்ந்த குடும்பத்துக்கே உரிய முத்திரை அது. பச்சை தத்துப்பூச்சியும் தத்தும், ஆனால் அதன் காலில் இந்தக் குதிமுள் இருக்காது. சீப்பின் பல்லைப் போலச் சின்னச் சின்ன முட்கள் வரிசையாக இருக்கும். இரண்டையும் 'தத்துப்பூச்சி' என்று ஒரே பெயரால் அழைப்பதுதான் நம் குழப்பத்தில் பாதிக்குக் காரணம். உண்மையில் அவை வேறு வேறு குடும்பம்.

புகையானில் இரண்டு உருவம் உண்டு. ஒன்றுக்கு இறகு உடம்பைத் தாண்டி நீண்டிருக்கும். இன்னொன்றுக்கு இறகு பாதி முதுகோடு நின்றுவிடும், வயிறு பருத்து வெளியே தெரியும். இரண்டும் வேறு பூச்சி என்று நினைத்து இரண்டு மருந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நீண்ட இறகுள்ளது பயணி. பறந்து வந்து இறங்குவதும், பயிர் முற்றிக் கூட்டம் நெருக்கியதும் கிளம்பிப் போவதும் அதுதான். குட்டை இறகுப் பெண் பூச்சி குடித்தனக்காரி. பறக்காது, இருந்த இடத்திலேயே 200, 300 முட்டைகள் வரை இடும். முட்டையை வெளியில் வைக்காது. இலையுறையைக் கீறித் திசுவுக்குள் வரிசையாகச் செருகிவிடும். ஆகவே தூரடியில் குட்டை இறகுப் பூச்சிகளை நிறையப் பார்த்தால், வந்தவை உங்கள் வயலிலேயே பெருகத் தொடங்கிவிட்டன என்று பொருள். முட்டை பொரிய ஏழு முதல் ஒன்பது நாள், குஞ்சு வளர இரண்டு வாரம். சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயார்.

சகோதரியின் புட்டியில் குட்டை இறகுப் பூச்சிகள் இருந்தன. அவர் பயந்ததில் நியாயம் உண்டு.

இரண்டாவதாக இருந்தது வெண்முதுகு தத்துப்பூச்சி. இதற்கும் குதிமுள் உண்டு, ஆனால் கழுத்துக்குப் பின்னால் முதுகில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் தூர்க்கட்டும் இளம் பயிரில் முந்தி வருவது இது. புகையான் பயிர் வளர்ந்து அடைத்த பிறகு பெருகுவது. மூன்றாவது பச்சை தத்துப்பூச்சி. இது இலையின் மேல் பகுதியில் இருக்கும், கை பட்டால் பக்கவாட்டில் நகர்ந்து ஒளியும், துங்ரோ நோயைப் பரப்பும்.

நான்காவதுதான் என்னை உட்கார வைத்தது. ஒல்லியான பச்சை உடம்பு, அதில் கறுப்புத் தீற்றல், நீளமான மீசை. இது மிரிட் நாவாய்ப்பூச்சி. புகையான் இலையுறைக்குள் செருகி வைத்த முட்டையைத் தேடிப் பிடித்து, ஊசி வாயை நுழைத்து உறிஞ்சிவிடும். நாம் எந்த மருந்து அடித்தாலும் முட்டைக்குள் எளிதில் போகாது. இந்தப் பூச்சி போகும். 'வயலில் இருக்கிற பகைவன்' என்று அவர் பிடித்து அனுப்பியதில் ஐந்து பூச்சிகள் அவருக்குக் கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்தவை.

இனி வரப்புப் புல் விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தப் பூச்சிக்கும் எது சாப்பாடு என்று தெரிந்துகொண்டால் பாதி வழக்கு முடிந்துவிடும். புகையானுக்கு நெல்தான் வீடு, நெல்தான் சோறு. நெல்லும், நெல்லின் காட்டு இனங்களும் தவிர வேறு செடியில் தலைமுறை தலைமுறையாக அது பெருகுவதில்லை. அருகம்புல்லிலோ கோரையிலோ நீங்கள் ஒரு புகையானைப் பார்த்தால், அது பஸ்ஸுக்கு நிற்கிற பயணிதான். அங்கே குடும்பம் நடத்தாது.

இதில் ஒரு சுவாரசியமான கதை உண்டு. நெல்லுக்கு நெருங்கிய உறவான லீர்சியா என்ற புல், வாய்க்கால் ஓரங்களிலும் சதுப்பிலும் வளரும். பார்க்க ஒல்லியான நெல் போலவே இருக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டில் அந்தப் புல்லில் புகையான் போலவே ஒரு பூச்சி கூட்டமாக இருந்தது. அச்சு அசல் ஒரே உருவம். புல்லிலிருந்துதான் நெல்லுக்கு வருகிறது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆராய்ந்து பார்த்தபோது வேறு விதமாக இருந்தது. இந்தப் பூச்சிகள் வயிற்றை அதிரவைத்துத் தண்டு வழியாகத் துணைக்குச் சேதி அனுப்பும். நம் காதுக்குக் கேட்காது. நெல்லில் இருக்கிற பூச்சியின் தாளம் வேறு, புல்லில் இருக்கிற பூச்சியின் தாளம் வேறு. ஒன்றின் அழைப்புக்கு இன்னொன்று சரியாக மறுமொழி சொல்வதில்லை, அதனால் இயல்பில் கலப்பதும் இல்லை. புல்லில் இருப்பது நெல்லில் சரியாகப் பிழைப்பதும் இல்லை. உருவத்தை வைத்து அக்கம்பக்கத்தாரைக் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்குப் பூச்சி உலகத்திலிருந்தே சாட்சி இது.

அப்படியானால் புகையான் எங்கிருந்துதான் வருகிறது? நெல்லிலிருந்து. டெல்டாவில் குறுவை அறுவடையாகும் புரட்டாசி, ஐப்பசியில் பக்கத்தில் சம்பா தூர் கட்டி நிற்கிறது. குறுவையில் வளர்ந்த நீண்ட இறகுப் பூச்சி சம்பாவுக்கு மாறுகிறது. சம்பா முற்றும்போது தாளடி இளசாக, பச்சைப் பசேலென்று நிற்கிறது. மூன்று பந்தி சாப்பாடு. சகோதரியின் தாளடி அந்த வட்டாரத்தின் கடைசிப் பந்தி. சுற்றிலும் சம்பா முற்றிப் பழுத்துவிட்டதால் எல்லாம் அவர் இலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. இடையில் பூச்சியைக் காப்பாற்றி வைப்பது எது என்றால், உழாமல் விட்ட தாளில் தழைக்கும் மறுதாம்பு, உதிர்ந்த நெல் முளைத்த பயிர், ஆளுக்கு ஒரு தேதியில் போடும் நடவு. வரப்பில் இருக்கும் அருகம்புல்லுக்கு இதில் பங்கு இல்லை.

மாறாக, வரப்புப் புல் உங்களுக்கு உதவுகிறது. அங்கே வேறு சிறு தத்துப்பூச்சிகள் வாழும். அவை நெல்லுக்கு வராதவை. அவற்றின் முட்டையைத் தின்றுதான் மிரிட் நாவாய்ப்பூச்சியும், முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளும் நெல் இல்லாத நாட்களில் உயிர் பிழைக்கின்றன. ஓநாய் சிலந்திக்கும் வரப்புதான் கரை. நடவு முடிந்ததும் அங்கிருந்துதான் இறங்கி வயலுக்கு வரும். ஒரு சிலந்தி நாளுக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை பிடிக்கும். வரப்பைக் கருக்கினால் புகையானுக்கு ஒன்றும் ஆகாது. காவல்காரன் வீடுதான் எரியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'புல்லே வெட்டக் கூடாது என்று ஐயா எழுதினார்' என்று பேச்சு வரும். ஆட்டுக்கு வேண்டிய புல்லைத் தாராளமாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லா வரப்பையும் மொட்டையடிக்காமல் மாற்றி மாற்றி அறுத்தால் போதும். பயிருக்கு நடுவில் நிற்கிற குதிரைவாலிப் புல் வேறு கணக்கு. அது உரத்தைத் தின்னும், வெண்முதுகு தத்துப்பூச்சிக்கு இடம் கொடுக்கும், அதைப் பிடுங்கத்தான் வேண்டும். மருந்து அடித்த வயலின் வரப்புப் புல்லை, அந்த மருந்துக்கு லேபிளில் சொல்லியிருக்கும் நாள் கழியும் வரை ஆட்டுக்குப் போடாதீர்கள்.

சைபர்மெத்ரின் அடித்த பிறகு வட்டம் ஏன் பெரிதானது என்றும் கேட்டிருந்தார். இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் தன் வயலைக் காட்ட அழைத்துப் போனார். நான் வரப்பிலேயே நின்று பார்த்தேன். இலைகள் சுருண்டு வெளுத்திருந்தன. இலைச்சுருட்டுப் புழு என்று சொல்லி, இதே வகையைச் சேர்ந்த மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாளில் அந்த வயலில் முக்கால்வாசி புகைந்துவிட்டது. மறுபடி போனபோது அவர் கோபப்படவில்லை. "சார், அன்னிக்கு நீங்க தண்ணியில எறங்கவே இல்லையே" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பேண்ட்டை மடிக்காமல் எந்த நெல் வயலையும் நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள், அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை, சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் முதலில் கொன்றுவிடும். புகையானோ இலையுச்சியில் இல்லை. தண்ணீருக்குச் சற்று மேலே தூரடியில் நிழலில் உட்கார்ந்திருக்கிறது. மேலே அடித்த மருந்து அதன் மேல் விழுவது கொஞ்சம்தான். இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் குஞ்சு பொரிந்து வெளியே வரும்போது எதிரிகள் யாரும் இல்லாத ஊராக வயல் காலியாக இருக்கிறது. குயினால்பாஸ், மீதைல் பாரத்தியான் போன்றவையும் புகையானை இப்படிப் பெருக்கிவிடும் என்பது பழைய பாடம். இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் இதே காரணத்தால் நெல் லட்சக்கணக்கான ஏக்கரில் கருகியது. 1986-ல் அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று ஒரே ஆணையில் தடை செய்தது. அதற்குப் பிறகு அவர்கள் பட்டினி கிடக்கவில்லை.

இந்தப் பூச்சி எங்கெங்கே இருக்கிறது என்பதும் அறிய வேண்டியதுதான். இந்தியா, இலங்கை, வங்கதேசத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும், சீனா, கொரியா, ஜப்பான், தெற்கே ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை நெல் உள்ள இடமெல்லாம் உண்டு. 1854-ல் ஸ்டோல் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்று அதை நீலபர்வதா லூஜென்ஸ் என்று எழுதுகிறோம். முன்பாதியைக் கேட்டால் நம் நீலமலை நினைவுக்கு வரும். பின்பாதிக்கு லத்தீனில் 'துக்கம் காப்பது' என்று பொருள். புகைந்த வயலைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஜப்பானின் குளிரில் இது உயிர் தப்பாது. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் ஜூன், ஜூலையில் அங்கே வந்துவிடுகிறது. எப்படி என்பது நீண்ட நாள் புதிர். 1967-ல் ஜப்பானுக்குத் தெற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலின் மேல் தத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தன. வியட்நாமின் வடபகுதியிலும் தென்சீனாவிலும் கிளம்பி, மழைக்காலக் காற்றில் ஏறிக் கடல் தாண்டி வருகிறது என்பது இப்படித்தான் உறுதியானது. அதே நாட்டில் 1732-ல் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்ததில் பெரும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்து ஜப்பான் விவசாயிகள் வயல் நீரில் திமிங்கில எண்ணெயை ஊற்றி, பயிரைத் தட்டிப் பூச்சியை அதில் விழவைத்துக் கொன்றார்கள். பூச்சி தூரடியில் இருக்கிறது என்பதைப் படிப்பறிவு இல்லாத அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கிய நான் வரப்பில் நின்றேன்.

நம் பக்கத்தில் 1973-74-ல் கேரளத்தின் குட்டநாட்டில் இது பெரும் நாசம் செய்தது. ஒரு விஷயத்தில் கேரளத்துக்கு நாம் நன்றி சொல்லவும் வேண்டும். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பி.டி.பி. 33 என்ற ரகம் புகையானை நன்றாகத் தாங்குவது. உலகம் முழுக்க எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை உருவாக்க அதைத் தாயாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் எந்த எதிர்ப்பும் நிரந்தரம் இல்லை. 1973-ல் பிலிப்பைன்ஸில் வந்த ஐ.ஆர். 26 இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புதிய வகைப் புகையானிடம் தோற்றது. நம்மிடம் இருக்கும் புகையானோ அதை முதலிலிருந்தே பொருட்படுத்தவில்லை. சகோதரி நட்டிருக்கும் பி.பி.டி. 5204-க்கு அரிசி விலை உண்டு. புகையானைத் தாங்கும் சக்தி இல்லை. தெரிந்துதான் நடுகிறோம் என்றால், முதல் நாளிலிருந்தே காவல் வேண்டும்.

காவல் என்றால் என்ன? வாரம் ஒரு முறை வயலுக்குள் இறங்குங்கள். மூலைவிட்டமாக நடந்து 20 குத்துகளை எடுங்கள். ஒவ்வொரு குத்தையும் சாய்த்து, தூரடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். தண்ணீர் இல்லையென்றால் வெள்ளைத் தட்டைப் பிடியுங்கள். குத்துக்கு 15 தூர் என்றால் 20 குத்தில் 300 தூர். சிலந்தி கண்ணில் படாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, அதாவது 300 பூச்சி சேர்ந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி, அதாவது 600 வரை பொறுக்கலாம். பூச்சியை எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். கணக்கே அங்கேதான் இருக்கிறது.

சகோதரி நான் சொன்னபடி மறுநாள் காலை இறங்கி எண்ணினார். 20 குத்தில் 700-க்கு மேல். சிலந்தி மொத்தமே இரண்டு. இரண்டு முறை அடித்த மருந்தின் பலன். இனி இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாத நிலை, கதிர் வெளிவரும் நேரம் வேறு. அவருக்குச் சொன்னது இது.

முதலில் தண்ணீரை வடியுங்கள். பாக்கி வைத்திருக்கும் யூரியாவைப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் பயிர் இளசாகிப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். பட்டம் விட்டு நடாததால், எட்டு அடிக்கு ஒரு இடத்தில் மூங்கில் கழியால் பயிரை இருபுறமும் ஒதுக்கி வழி பிரித்து, தூரடிக்கு வெயிலும் காற்றும் படச் செய்யுங்கள். பிறகு பைமெட்ரோசின் 50 சத மருந்து ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். கைத்தெளிப்பானின் முனையைக் கீழே இறக்கி, பிரித்த வழியில் நடந்து, தூரடி நனைய அடிக்க வேண்டும். காய்ந்த வட்டத்துக்குள் அடிப்பது வீண். அங்கே பூச்சி இருக்காது. வட்டத்தின் விளிம்பிலும் அதைச் சுற்றியுள்ள பச்சைப் பயிரிலும்தான் கூட்டம் இருக்கும். இந்த மருந்து பூச்சியின் வாயைக் கட்டும். சாறு உறிஞ்ச முடியாமல் சில நாளில் சாகும். மறுநாள் உயிரோடு இருக்கிறதே என்று கடைக்கு ஓடி இன்னொன்றைக் கலந்து அடிக்காதீர்கள். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்கும் பழக்கத்தை நான் எங்கும் ஆதரித்ததில்லை.

இதைவிடக் குறைவான எண்ணிக்கையில், சிலந்தியும் இருக்கும்போதே பார்த்திருந்தால், வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் போதுமாக இருந்திருக்கும். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி 200 லிட்டராக்கி அடிப்பது. செலவு கொஞ்சம், நண்பர்களுக்கும் பெரிய சேதம் இல்லை.

அடுத்த பட்டத்துக்கு அவர் செய்ய வேண்டியது, எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு கிழக்கு மேற்காக நடுவது. அறுத்த தாளை உடனே மடக்கி உழுவது. முடிந்தால் அக்கம்பக்கம் பேசி ஒரே வாரத்தில் நடவை முடிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம் என்று எனக்கும் தெரியும். ஆறு எப்போது திறக்கிறது, ஆள் எப்போது கிடைக்கிறது, பணம் எப்போது வருகிறது என்பதை வைத்துத்தான் நடவு நடக்கிறது. குத்தகைக்காரருக்கு இன்னும் கஷ்டம். இருந்தாலும் ஒரு மடைக்கு உட்பட்ட பத்துப் பேராவது சேர்ந்தால் பலன் தெரியும்.

இனி இதே பெயரில் வந்த மற்ற கேள்விகள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி: "கரும்புத் தோகையில் தத்துப்பூச்சி நிறைய. பக்கத்தில் நெல். புகையான் ஆகிவிடுமா?" ஆகாது, ஐயா. அது பைரில்லா. வைக்கோல் நிறம், முகத்தில் அலகு போன்ற நீட்சி, குஞ்சுக்குப் பின்னால் வெள்ளை வால் போல இரண்டு இழைகள் இருக்கும். கரும்புதான் அதன் முக்கிய உணவு. தோகையில் வெள்ளைப் பஞ்சு போன்ற கூடுகள் தென்பட்டால் அது ஒட்டுண்ணியின் வேலை. அந்தத் தோகையை எரிக்காமல், கூடு இல்லாத தோட்டத்தில் கட்டி வையுங்கள்.

பெரம்பலூரிலிருந்து ஒரு தம்பி மக்காச்சோளக் குருத்துக்குள் கூட்டமாகப் பழுப்புப் பூச்சி, எறும்பும் மொய்க்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். அதுவும் குதிமுள் குடும்பம்தான், ஆனால் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் உரிய வேறு தத்துப்பூச்சி. நெல்லுக்கு அதனால் ஆபத்து இல்லை. தென்னையில் கேரள வாடல் நோயைப் பரப்புவதிலும் இந்தக் குடும்பத்துக்கு உறவான ஒரு தத்துப்பூச்சிக்குப் பங்கு உண்டு. அதைத் தனியாக ஒரு இதழில் எழுதுகிறேன்.

திருவாரூர்ச் சகோதரி கடைசியாக ஒன்று கேட்டார். புகைந்த இடத்தின் வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா என்று. பூச்சியின் இனிப்பான கழிவு படிந்து, அதன் மேல் கரும்பூசணம் பிடித்திருக்கும். அந்த வட்டங்களை மட்டும் தனியாக அறுத்து ஒதுக்கிவிடச் சொன்னேன். மற்ற வைக்கோலை, மருந்து அடித்த நாளிலிருந்து லேபிளில் உள்ள காத்திருப்பு நாள் கழிந்த பிறகு அறுத்து, நன்றாக வெயிலில் உலர்த்திப் போடலாம். மருந்து அடித்துப் பத்து நாள் கழித்து மறுபடி எண்ணி எனக்குச் சொன்னார்: 20 குத்தில் 90 பூச்சி, 11 சிலந்தி.

பூச்சி அனுப்புகிறவர்கள் அவரைப் போலவே சின்னப் புட்டியில், ஸ்பிரிட்டிலோ சானிடைசரிலோ போட்டு, எந்தப் பயிரில், தூரடியிலா இலையிலா எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். படம் மட்டும் அனுப்புவதானால், வயலுக்குள் இறங்கித் தூரடியைப் பிரித்து எடுங்கள்.